முனி பீடத்துக்கு மேலே

பன்னீர்ச் செம்பு

மண்டபம் திறந்த அன்று என் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பன்னீர் ஏது? கிணற்றுத் தண்ணீரில் நாலு ரோஜா இதழ் போட்டு ஊறவைத்தது. வருகிறவர்கள் மேல் தெளிக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்றார்கள். தெளித்தேன். சிரிக்கவில்லை.

வாசலுக்கு நேர் எதிரே உள்சுவரில் மண்டபத்தின் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்பு மையில் பிசிறில்லாத கோடுகள். வலது கீழ்மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் கணக்கெழுதும் கிராணியுமான மாணிக்கத்தின் பெயர்.

அளவுகோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை வரைந்தது நான்.

காரில் வந்து இறங்கிய ஜப்பானிய அதிகாரி படத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டினார். மாணிக்கம் இடுப்பு வரை வளைந்து வணங்கினார். அவர் வளைந்ததால் எனக்குப் படம் முழுதாகத் தெரிந்தது. தரைமட்டத்துக்கு நான் போட்ட கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்க்கப் பிடிக்காமல் செம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன்.

"பாக்கியத்துக்கு இப்பவே இவ்வளவு திமிரு லா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திமிர்தான். இந்த வாரம் எழுதப்போவதும் அந்தத் திமிரோடுதான்.

கோடு போடக் கற்ற கதை

என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் தண்டவாள வேலை பார்த்தவர். ரயில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், லயத்தில்தான் நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. சம்பள நாளில் அப்பா கட்டைவிரலை மையில் தோய்த்து வைப்பார். விரலைத் துடைக்க மாட்டார், அது தானாக அழியும் வரை விட்டுவிடுவார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தேன். பரீட்சையில் வடிவக் கணிதத்தில் முதலாவதாக வந்தேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். மாட்டேன் ஐயா. எங்கள் லயத்தில் என்னோடு பிறந்த பெண்கள் எல்லாரும் தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்தார்கள். நான் சுமக்கவில்லை. அடக்கமாகச் சொன்னால் அவர்கள் சுமை குறைந்துவிடுமா?

சண்டை வந்ததும் வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். நகரக் கட்டட வேலைகளைப் பார்த்த அலுவலகத்தில் வரைபட மேசைகள் காலியாகக் கிடந்தன. கை சுத்தமாகக் கோடு போடுகிறவர்கள் வேண்டும் என்றார்கள். போனேன். பெண் என்பதைப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை. படங்களை நகலெடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

நகலெடுப்பது டிரேசிங் துணியில். மெல்லிய பருத்தித் துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கியிருப்பார்கள். கீழே உள்ள படம் தெரியும், மேலே மையால் வரையலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து அந்த இடம் மறுபடியும் வெறும் துணியாகிவிடும். இதை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டும்.

தார்க் கோடு

மண்டபத்துக்குச் சங்கத்தார் பிடித்த இடம் லயத்துக்கும் கிள்ளான் ஆற்றுக்கும் நடுவில் இருந்த பள்ளம். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் வெட்டி வெட்டியே பள்ளமான இடம். சீனர்கள் அதன் ஓரத்தில் மரவள்ளி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் ஒன்றரை அடிப் பீடத்தில் முனியாண்டி. ஒரு கல்லும் ஒரு சூலமும்தான்.

படம் போட்டுத் தரச் சொல்லி மாணிக்கம் அப்பாவிடம்தான் கேட்டார். "உம் மக ஆபீசுல கோடு போடுதாமே முத்து. ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு."

நான் பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ரயில் பாலத்தின் தூணில் வெள்ளம் நின்ற உயரத்தில் அப்பா தாரால் ஒரு கோடு போட்டுவைத்தார். யாரும் சொல்லிப் போட்டதில்லை. அடுத்த முறை எப்போது ரயிலை நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று போட்டார்.

அந்தக் கோட்டிலிருந்து கயிறு பிடித்தோம். அப்பாவின் ரசமட்டத்தைக் கயிற்றில் வைத்து, நாலு கம்பு நட்டு, உயரத்தைக் கம்புக்குக் கம்பு கடத்திப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தோம். மாலைவரை ஆனது. கடைசிக் கம்பில் கோடு விழுந்த இடம் தரையிலிருந்து சரியாக ஐந்தடி. என் உச்சந்தலை.

அப்பா என் தலையையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கரையில் மலாய்க்காரர்களின் கிராமம், மலாய்க் கம்பம், தெரிந்தது. ஒவ்வொரு வீடும் கால் மேல் நின்றது. நூறு வருஷமாக ஆற்றோடு வாழ்கிறவர்கள் அவர்கள். இக்கரையில் நாம் மட்டும் ஏன் தரையோடு தரையாகக் கட்டிக்கொள்கிறோம் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆறடி உயரத்தில் தரை போட்டேன். அதைத் தாங்கத் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகள். அப்போது கிளைப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமில் போடும் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்களையும் ஏற்றினார்கள். கட்டைகள் மட்டும் ரயில் யார்டில் குவிந்து கிடந்தன. கரையான் தொடாத மரம்.

மண்டபத்தின் நீளப் பக்கத்தை ஆற்றைப் பார்க்க வைத்தேன், பிற்பகல் காற்று அங்கிருந்துதான் வரும். மேற்கு வெயில் அறையும் குறுகிய பக்கத்தில் சன்னல் வைக்கவில்லை. மழை பெய்தாலும் சன்னலைச் சாத்த வேண்டாதபடி கூரையை வெளியே நீட்டினேன். தரைக்கு அடியில் கிடைக்கும் நிழலில், உத்திரத்தில் தூளி கட்ட வளையங்கள் வரைந்தேன். கூட்டம் நடக்கும்போது பிள்ளைக்காரிகள் எங்கே உட்காருவார்கள் என்று மண்டபம் கட்டிய எவராவது யோசித்ததுண்டா?

கல்லுதானே

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். படத்தை ஒரு பலகையில் குத்திவைத்து நான் பக்கத்தில் நின்றேன்.

மாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன பாப்பா இது? மண்டபம் போடச் சொன்னா மலாய்க் கம்பத்து வீடு போட்டிருக்கே?"

"கம்பத்து வீட்டுல தண்ணி ஏறாதுங்க."

"அது சரி. கீழ ஆடு கட்டலாம், கோழி அடைக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"பிள்ளைங்களைத் தூங்க வைக்கலாங்க."

"பெரிய அதிகாரி வாளைக் கட்டிக்கிட்டு இத்தனை படி ஏறுவாரா? வாளு தடுக்கி விழுந்தாருன்னா யாரு தலை போவும்? உங்கப்பன் தலையா?" என்றார். "ரோட்டைப் பாத்து வாசல் வை. காரு வாசல்ல வந்து நிக்கணும். தரை ஒரு அடி போதும்."

ரோடு மேற்கே இருக்கிறது. மண்டபம் முழுக்க மேற்கைப் பார்த்து வெயிலில் வேகட்டும், கார் நின்றால் போதும்.

அப்போது அப்பா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "வெள்ளக் கோடு பாலத்துல இருக்குங்க. நாந்தான் தாரு அடிச்சேன். கயிறு புடிச்சும் பாத்தாச்சு. பொண்ணு சொல்றது சரிதான்."

தண்டவாள ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கயிற்றையும் ரசமட்டத்தையும் நம்புகிறவர்கள். "முத்தண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். எனக்குக் காது சூடானது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாணிக்கம் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பீடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப முனி?"

எல்லாரும் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முனி பீடம் ஒன்றரை அடி. அதே மண்ணுல ஆறடியில தரை போட்டா, சாமி தலைக்கு மேல காலை வெச்சு நடக்கப் போறீங்க. ஊருல எவனாச்சும் சாமி பீடத்தைவிட உசரமாத் திண்டு போட்டிருக்கானா? சொல்லுங்க."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். மாணிக்கத்துக்கு முனியின் மேல் என்ன பக்தி என்பதும் தெரியும், அவர் அந்தப் பக்கம் கும்பிட வந்தே யாரும் பார்த்ததில்லை. ஜனங்களின் பயத்தைத் தன் காருக்குப் பாதையாக்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன்.

"வெள்ளம் வந்தா முனி முங்கட்டும். கல்லுதானே? மனுசங்க முங்கக் கூடாது."

'கல்லுதானே' என்று சொன்ன அந்த நொடியை எத்தனை தடவை திரும்ப வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

முனியின் சூலத்தில் மஞ்சள் துணி முடிச்சுகள் தொங்கிக்கொண்டிருந்தன. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்களின் மனைவிமார் கட்டியவை. புருஷன் திரும்பி வந்தால் அவிழ்ப்பார்கள். அதுவரை ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. அந்தப் பெண்கள்தான் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பூசாரி காத்தான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கை தூக்கச் சொன்னார்கள். ஒரு அடித் தரைக்கு எல்லாக் கைகளும் எழுந்தன. அப்பா மட்டும் கை தூக்கவில்லை, எனக்காகவும் தூக்கவில்லை.

இரண்டாவது படம்

மறுநாள் மாணிக்கம் லயத்துக்கே வந்தார். "ஒரு அடியில வரைஞ்சு குடு பாப்பா. உங்கப்பன் பேரு இன்னும் சயாம் லிஸ்டுல இல்லை. பாத்துக்க."

அந்த மிரட்டலுக்குப் பயந்து வரைந்தேன் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு வசதி. அது பாதி உண்மை. என் பேச்சைக் கேட்காதவர்கள் பட்டால்தான் புத்தி வரும் என்ற நினைப்பும் எனக்குள் இருந்தது. அதனால்தான் அந்தப் படத்தை அவ்வளவு அழகாக வரைந்தேன். கோபம் என் கையை நடுங்க வைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நடுங்கவில்லை.

மேடைக்குத் தரையிலிருந்து மூன்றடி உயரம் கேட்டார். "மேடை முனிக்கு மேல போவுதேங்க?" என்றேன்.

"மேடையில பெரியவங்கதானே நிப்பாங்க" என்றார்.

முதல் படம் என்னிடம் இருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. ஒருநாள் அதை வெந்நீரில் போட்டேன். கஞ்சி கரைந்தது, மை கலங்கியது. நல்ல வெள்ளைப் பருத்தித் துணி கிடைத்தது. சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்த காலம் அது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அஞ்சலை

திறப்பு விழா முடிந்து கொஞ்ச நாளில் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டால் தோட்டத்தில் அரிசி கிடையாது. மண்டபத்தில் தங்கிக்கொள்ளட்டும் என்று சங்கம் சொன்னது. அது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

அப்படி வந்தவள் அஞ்சலை. பந்திங் பக்கத்துத் தோட்டம். கிள்ளான்வரை நடந்து, அங்கிருந்து ஒரு லோரியில் ஏறி வந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் ராஜாத்தி. அஞ்சலைக்கு என் வயதுதான். ஆனாலும் என்னை அக்கா என்பாள். படித்தவளாம்.

ராஜாத்திக்கு மேலே போட ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்த துணியைக் கொடுத்தேன். அஞ்சலை சட்டை தைத்தாள். போட்டுவிட்டுப் பிள்ளையைத் திருப்பினபோது முதுகில் மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. மை முழுக்கப் போகவில்லை. என் படிக்கட்டு.

"இது என்னாக்கா, ஏணியா?"

கதையைச் சொன்னேன். ஆறடித் தரை, மாணிக்கம், முனி, நான் சொன்ன சொல், எல்லாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னாடி சிரிப்பு?"

"ஒண்ணு கேக்கவா? கோவிக்கக் கூடாது. சாமியைத் தூக்கி உசத்தி வெச்சா ஆவாதா? தரைக்கு மேல அரை அடி இருந்துட்டுப் போறாரு. சாமி என்னா அம்மிக்கல்லா, கனக்கறதுக்கு?"

பீடத்தை உயர்த்தினால் தீர்ந்தது. முனிக்கும் மரியாதை, மனிதர்களுக்கும் உயரம். மாணிக்கத்துக்குப் பேச ஒரு வார்த்தை இருந்திருக்காது. வடிவக் கணிதத்தில் முதலாவதாக வந்த எனக்கு அது தோன்றவில்லை. ஏனென்றால் நான் முனியை அளக்கவே இல்லை. பள்ளத்தில் இருந்த ஒவ்வொரு மேட்டையும் மரத்தையும் படத்தில் குறித்த நான், பீடம் இருந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தேன்.

"ரொம்பப் படிச்சா இப்பிடித்தான் லா" என்றாள் அஞ்சலை.

நாலு விரல் கீழே

வருஷக் கடைசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் விடிந்தபோது லயத்தின் பின்படியில் தண்ணீர் நின்றது. லயம் மேட்டில் இருக்கிறது. அப்படியானால் பள்ளம்?

அப்பாவும் இன்னும் நாலு பேரும் வாழைத்தண்டுகளைக் கட்டித் தெப்பம் போட்டார்கள். நானும் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. பள்ளம் முழுவதும் தேநீர் நிறத் தண்ணீர். மரம் இருந்தது. முனி இல்லை, சூலத்தின் மூன்று முனைகள் மட்டும் மஞ்சள் துணிகளோடு வெளியே தெரிந்தன.

மண்டபத்துக்குள் பெண்கள் மேடையில் நின்றார்கள். மேடை மேலும் முக்கால் அடித் தண்ணீர். இருட்டிலேயே மார்பளவு தண்ணீரில் நடந்து ஏறியிருக்கிறார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. கத்தி முடித்திருந்தார்கள். சுவரில் சட்டம் போட்ட படம் பாதி முங்கியிருந்தது.

அஞ்சலை ராஜாத்தியைத் தோளில் வைத்திருந்தாள். பிள்ளைக்கு ஏற்கெனவே காய்ச்சல். பாய் மிதந்து புரண்டபோது தண்ணீரில் விழுந்து குடித்திருக்கிறது. எல்லாரையும் கரை சேர்க்க மாலையாகிவிட்டது. திரும்பும்போது அப்பா கடைசியாக ஒருமுறை மண்டபத்துச் சுவரில் கையை வைத்து அளந்தார்.

"நம்ம கோட்டுக்கு நாலு விரல் கீழ" என்றார்.

என் தரையில் ஈரம்கூடப் பட்டிருக்காது.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைக்கு அலைந்தோம். இல்லை. யாரிடம் இருந்ததோ அவர்கள் தரவில்லை. நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது. இருந்தது ஒரே சட்டை. அதைத் துவைத்துக் காயவைத்துப் போட்டு அனுப்பினாள் அஞ்சலை. மண்ணைத் தள்ளும்போது நான் பார்த்தது பிள்ளையின் முகத்தை அல்ல. பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். முதுகுதான் தெரிந்தது.

'வரைந்தவர்'

சேற்றை வாரிக் கொட்டிய பிறகு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரெல்லாம் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு. மாணிக்கம் நனையாத சட்டையில் மேடையேறினார்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் கட்டடம் படிச்சவன் இல்லை. படத்தை வரைஞ்சது முத்து மக. ஆபீசுல வேலை பாக்கற புள்ளையாச்சேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

நாலு மாதம் முன்னால் அவர் பெயர். இன்று என் பெயர். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எழுந்து நின்றேன். "ஆமா, நான்தான் வரைஞ்சேன்."

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

"ஆறடியில ஒண்ணு வரைஞ்சேன். ஒரு அடியில ஒண்ணு வரைஞ்சேன். ரெண்டும் என் கைதான். ரெண்டாவதை வரைஞ்சிருக்கக் கூடாது. முனியைக் கல்லுன்னு சொல்லியிருக்கவும் கூடாது. என் தப்பை நான் சொல்லிட்டேன். நீங்களும் உங்களோடதைச் சொல்லுங்க."

"ஆறடிப் படமா?" என்றார் மாணிக்கம். "அப்பிடி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லையே. எங்க அந்தப் படம்? காட்டு, பாப்போம்."

மரத்தடியில் அத்தனை பேர் பார்த்த படம். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! அவர் கையில் என்னென்ன லிஸ்டுகள் இருந்தன என்று எல்லாருக்கும் தெரியும்.

பின்னாலிருந்து அஞ்சலை வந்தாள். பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள். நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றாள்.

"அந்தப் படம் எம் மவ முதுவுல இருக்கு. நாந்தான் போட்டு அனுப்பினேன். தோண்டிப் பாக்கறியா கிராணி?"

அதற்குமேல் அந்தக் கூட்டம் நடக்கவில்லை. மாணிக்கம் பின்வாசல் வழியாகப் போனார். நான் சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கீழ்ப்பாதி வெறும் துணியாகியிருந்தது. 'வரைந்தவர்' என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை.

ஒரு கடிதமும் என் பதிலும்

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான். லிஸ்டுகள் எரிந்தன. மாணிக்கம் அதே சங்கத்தில் அதே செயலாளர். போன மாதம் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். 'நம் சமூகத்தின் படித்த பெண்மணி' என்ற முறையில் நான் படம் வரைந்து தர வேண்டுமாம். கடைசி வரியில், 'வழக்கம்போல் தரை முனி பீடத்தின் உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும்.'

கடிதத்தை அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், சூலத்தில் அவள் கட்டிய முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. "வழக்கம்போல்" என்ற சொல்லை மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "வா, பூசாரிகிட்ட போவோம்" என்றாள்.

பூசாரி காத்தானிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். பிறகு, பீடத்தை உயர்த்தினால் முனி சம்மதிப்பாரா என்று கேட்டேன்.

"வெள்ளத்துல மூணு நாளு மூச்சடக்கிக் கெடந்தவரு. வேணாமுன்னா சொல்லப் போறாரு?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தோம். லயத்துப் பெண்கள் ஜல்லி சுமந்தார்கள். நானும் சுமந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறை. அப்பா யார்டிலிருந்து சிலிப்பர் கட்டைகள் வாங்கிவந்து சதுரமாக அடுக்கினார், கயிறு பிடித்து ரசமட்டம் வைத்தார். பூசாரி ஏற ஒன்பது படி.

மூன்றாம் ஞாயிறு காலை கற்பூரம் காட்டி, கேட்டுக்கொண்டு, முனியைத் தூக்கினோம். ஆறு பேர் வேண்டியிருந்தது. அஞ்சலை மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் அன்று சொன்னது தப்பு. முனி நல்ல கனம்.

மேலே வைத்ததும் அப்பா தார்ச் சட்டியோடு வந்து பீடத்தின் பக்கவாட்டில் ஐந்தடியில் கோடு போட்டார்.

கிராணி மாணிக்கம் அவர்களே, இந்த இதழை நீங்கள் வாராவாரம் வாங்குகிறீர்கள் என்று தெரியும். உங்கள் கடிதத்துக்கு இதுவே பதில். முனி பீடம் இப்போது ஆறரை அடி. என் தரை ஆறடியில் வரும், வாசல் ஆற்றைப் பார்க்கும், தூளிக்கு வளையம் இருக்கும், வலது மூலையில் என் பெயர் இருக்கும். முனிக்கு ஆட்சேபணை இல்லை, கேட்டுவிட்டோம். உங்களுக்கு ஏதாவது இருந்தால் வந்து அஞ்சலையிடம் சொல்லுங்கள்.